கலங்கிய கடலுக்கு ஒரு கேமரா

தொண்ணூறுகளின் கடைசியில் தூத்துக்குடியில் நான் வேலை பார்த்த இடத்தில் நீருக்கடியில் படமெடுக்க ஒரே ஒரு கேமராதான் இருந்தது. ஆரஞ்சு நிற நிக்கோனாஸ் ஐந்து. அதை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். சாவி வைத்திருப்பவர் ஊரில் இல்லையென்றால் அன்றைக்குக் கடலுக்கடியில் எது நடந்தாலும் படம் கிடையாது. கேமராவுக்கும் அதன் பிளாஷுக்கும் கொடுத்த பணத்தில் ஒரு வள்ளமும் எஞ்சினும் வாங்கிவிடலாம் என்று எங்கள் படகோட்டி அண்ணன் சொல்வார்.

இன்று அதே கரையில் சங்கு குளிக்கிறவர் ஒருவரின் மகன், ஒரு நல்ல கைபேசியின் விலைக்குள் வாங்கிய சின்னக் கேமராவை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு இறங்குகிறார். ஒரு காலைப் பொழுதில் அவர் எடுக்கும் படங்கள், நாங்கள் ஒரு பருவம் முழுக்க எடுத்தவற்றைவிட அதிகம். தெளிவிலும் நிறத்திலும் எங்கள் படங்கள் அவற்றுக்குப் பக்கத்தில் நிற்காது. ஆனால் அவர் இறங்கும் பவளப்பார் நாங்கள் இறங்கிய பார் இல்லை. மான்கொம்புப் பவளம் அடர்ந்து கிடந்த இடங்களில் இன்று பாசி படர்ந்த உடைசல் கிடக்கிறது. பவளம் செழித்திருந்த காலத்தில் படமெடுக்க வழியில்லை. வழி வந்தபோது பவளம் போய்க்கொண்டிருந்தது. நீருக்கடியில் படமெடுக்க எந்தக் கேமரா வாங்கலாம் என்று யாராவது என்னிடம் கேட்டால், இந்த இரண்டையும் சேர்த்து நினைக்காமல் எனக்குப் பதில் சொல்ல வருவதில்லை.

நிக்கோனாஸைக் குறை சொல்ல மாட்டேன். பெல்ஜியத்துப் பொறியாளர் ழான் த வூட்டர்ஸ், கடலாய்வாளர் கூஸ்தோவுக்காக வடிவமைத்து 1960இல் வந்த கலிப்ஸோ கேமராவின் வாரிசு அது. 1963இல் நிக்கான் அந்த வடிவமைப்பை வாங்கி நிக்கோனாஸ் என்று வெளியிட்டது. எங்களிடம் இருந்த ஐந்தாவது வகை 1984இல் வந்தது. தனி உறை தேவையில்லை, உடம்பே நீர் புகாதது, ஐம்பது மீட்டர் ஆழம்வரை தாங்கும். மன்னார் வளைகுடாவில் தீவுகளைச் சுற்றிக் கிடக்கும் பவளப்பார்களோ பெரும்பாலும் இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில்தான் இருக்கின்றன. அந்தக் கேமராவின் பலத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட எங்கள் கடல் கேட்கவில்லை.

எங்கள் கடல் கேட்டது வேறு. நிக்கோனாஸின் கண்துளை லென்ஸ் வழியாகப் பார்க்காது. தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு, லென்ஸின் குமிழைத் திருகி வைக்க வேண்டும். நீருக்குள் எல்லாமே உண்மையான தூரத்தில் முக்கால் பங்கில் இருப்பதாகத் தெரியும். லென்ஸுக்கும் அப்படித்தான் தெரியும். ஆகவே கண் சொல்லும் தூரத்தையே வைக்க வேண்டும், நாடா பிடித்து அளந்த தூரத்தை வைத்தால் படம் மங்கிவிடும். சிறிய உயிர்களை நெருங்கி எடுக்க லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் ஒரு குழாயும், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிச் சட்டமும் மாட்டுவோம். சட்டத்துக்குள் விழுவதுதான் தெளிவாக வரும். கடல் விசிறியும் ஓடில்லாக் கடல் நத்தையும் சட்டத்துக்குள் அடங்கும். பெரும்பாலான மீன்கள் அடங்காது. கம்பியைக் கண்டதும் பின்வாங்கிவிடும்.

பிலிம் சுருளில் முப்பத்தாறு படம். நீருக்குள் சுருளை மாற்ற முடியாது. எடுத்து முடித்த ஸ்லைடு பிலிமைச் சென்னைக்கு அனுப்புவோம். கழுவித் திரும்பி வருவதற்குள் கச்சான் காற்று பிடித்துக் கடல் கலங்கிவிட்டால், சரியாக வராத படத்தை மறுபடி எடுக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

1998 கோடையில் பவளங்கள் வெளுத்தன. கடல் நீரின் சூடு ஏறும்போது, பவளத்தின் திசுவுக்குள் வாழ்ந்து அதற்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசிகளைப் பவளம் வெளியேற்றிவிடும். அடியிலிருக்கும் சுண்ணாம்பு எலும்பின் வெள்ளை அப்படியே தெரியும். வெளுத்த பவளம் உடனே செத்ததாகக் கணக்கில்லை. சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் பாசி திரும்பும், பவளமும் பிழைக்கும். குளிராவிட்டால் அதன்மேல் வேறு பாசி முளைக்கும். எது பிழைத்தது, எது போனது என்று சொல்ல அதே திட்டுகளை வாரம் தவறாமல் படமெடுத்திருக்க வேண்டும். முப்பத்தாறு படங்களை வைத்துக்கொண்டு அதைச் செய்ய வழியே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாய்க் கிடந்த பாரின்மேல் மிதந்தபடி எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று முடிவு செய்வதுதான் அன்றைய வேலை. அந்தக் கோடையின் படங்களாக மிஞ்சியவை மிகக் கொஞ்சம். அவற்றிலும் சில, உப்புக்காற்று ஊரின் ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் போயின.

அப்போதே மலிவாக வேறு எதுவும் கிடைக்காமல் இல்லை. கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்த, ஒருமுறை மட்டும் பயன்படும் பிலிம் கேமராக்கள் வந்தன. இருபத்தேழு படம் எடுக்கலாம். வெயிலில், தெளிந்த நீரில், ஒரு மீட்டருக்கு அப்பால் நிற்கும் நண்பனை எடுக்க அவை போதும். கலங்கிய நீரில் ஒரு மீட்டருக்கு அப்பால் இருப்பது பச்சை மூட்டம்தான்.

மலிவுக் கேமராவின் பொற்காலம் என்று நான் நினைப்பது 2000க்குப் பின் வந்த பத்தாண்டுகளை. கேனான் தன் சிறிய டிஜிட்டல் கேமராக்களுக்குத் தானே ஹவுசிங், அதாவது நீர் புகாத பிளாஸ்டிக் உறை, செய்து விற்றது. 2007இல் வந்த ஏ570 ஐஎஸ் என்ற கேமராவை இன்றும் அன்போடு நினைக்கிறேன். ஏழு மெகாபிக்சல், இரண்டு பென்சில் பேட்டரி, துளையையும் வேகத்தையும் நாமே வைத்துக்கொள்ளும் வசதி, நாற்பது மீட்டர் தாங்கும் ஹவுசிங். எடுத்த படத்தை நீருக்குள்ளேயே பார்க்கலாம். பார்த்தவுடன் திருத்திக்கொள்ளலாம். நீரடிப் படக்கலையை உலகம் முழுக்க எளியவர்களின் கைக்குக் கொண்டுவந்தவை இப்படிப்பட்ட கேமராக்களே.

பிறகு கைபேசிகளில் நல்ல கேமரா வந்தது. சிறிய கேமராக்களை வாங்குவாரில்லை. கேமரா போனதும் அதற்கான ஹவுசிங்கும் போனது. எல்லாரிடமும் கேமரா இருக்கும் இந்தக் காலத்தில், நீருக்குள் கொண்டுபோகத் தகுந்த மலிவுக் கேமராக்களின் வகை பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிடக் குறைவு. இன்று புதிதாக வாங்கக் கூடியவர்களுக்கு ஏறக்குறைய மூன்று வழிகள்தான் இருக்கின்றன.

கைபேசியையே கொண்டுபோவது முதல் வழி. நீர் புகாது என்று விளம்பரம் செய்கிறார்களே என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அந்தச் சோதனைகள் அசையாத நன்னீரில், அரைமணி நேரத்துக்குச் செய்யப்படுபவை. உப்புநீருக்கோ நீச்சலின் அழுத்தத்துக்கோ அந்த உறுதி பொருந்தாது. தொடுதிரையும் நீருக்குள் விரலைக் கண்டுகொள்ளாது. கைபேசிக்கென்று பொத்தான் வைத்த தனி ஹவுசிங்குகள் இருக்கின்றன, அவை வேலை செய்கின்றன. ஆனால் நீர் புகுந்தால் போவது கேமரா மட்டுமில்லை. வங்கிக் கணக்கும் வீட்டுப் படங்களும் தொடர்பு எண்களும் உள்ள பொருளைக் கடலில் இறக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

இரண்டாவது கோப்ரோ வகை ஆக்ஷன் கேமரா. 2016இல் வந்த ஐந்தாவது கோப்ரோ முதல், உறை இல்லாமலே பத்து மீட்டர் தாங்குகின்றன. வீடியோவுக்கு இவை அருமை. ஐம்பது மீட்டர் நாடாவைப் பாரின்மேல் விரித்து, அதன்மேல் நீந்தியபடி ஓடவிட்டால் அந்தப் பட்டையில் இருக்கும் அத்தனை பவளமும் பதிவாகிவிடும். சிக்கல் நெருக்கத்தில் வருகிறது. இவற்றின் குவியம் பொதுவாக நிலையானது. ஏறத்தாழ ஓர் அடிக்குள் வரும் பொருள் மங்கும்.

மூன்றாவது, ஒலிம்பஸின் டிஜி வரிசை. 2012இல் தொடங்கியது, இப்போது ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் 2023இன் டிஜி-7 வரை வந்திருக்கிறது. உறையில்லாமல் பதினைந்து மீட்டர். மைக்ரோஸ்கோப் என்ற முறையில் வைத்தால் லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டரில் இருப்பதைக்கூடத் தெளிவாகப் பிடிக்கும். ஒரு பவளப் பூச்சியின் வாயும் அதைச் சுற்றிய விரல்களும் திரை நிறைய வரும். கம்பிச் சட்டத்தோடு மல்லுக்கட்டிய எனக்கு அது முதன்முதலில் தெரிந்தபோது நீருக்குள் மூச்சு நின்றது. டிஜி-4இலிருந்து, கேமரா திருத்தாத ரா கோப்பாகவும் சேமிக்கலாம். பச்சை ஏறிய படத்தைக் கரையில் வைத்துத் திருத்த அது மிகவும் உதவும். டிஜி-4இல் பதினாறு மெகாபிக்சலாக இருந்ததை டிஜி-5இல் பன்னிரண்டாகக் குறைத்தார்கள். படம் மங்கிய ஒளியில் முன்னைவிட நன்றாகவே வந்தது.

"எத்தன மெகாபிக்சல் பாத்து வாங்கணும் அண்ணாச்சி?" என்றுதான் சங்குகுளியாளரின் மகனும் முதலில் கேட்டார்.

"அத விடுங்க தம்பி. நீங்க எறங்குற எடத்துல எவ்வளவு தூரம் தெரியும்?"

"வாடைக்காத்து நாள்ல நாலஞ்சு மீட்டர். கச்சான் அடிச்சா கைய நீட்டுனா வெரல் தெரியாது."

அந்தப் பதிலில் அவர் வாங்க வேண்டிய கேமரா இருந்தது. மாலத்தீவுக்கும் அந்தமானுக்கும் எழுதப்பட்ட அறிவுரைகள் நமக்குப் பொருந்தாது. இருபது மீட்டர் தெரியும் நீருக்குப் பெரிய லென்ஸும் இரட்டை பிளாஷும் வாங்குவதில் பொருளுண்டு. நாலு மீட்டர் தெரியும் நீரில் நெருங்க முடிகிற கேமராதான் நல்ல கேமரா. அவர் பழைய டிஜி-6 ஒன்றை வாங்கினார். எங்கள் ஆழத்துக்கு ஹவுசிங் கட்டாயமில்லை. ஆனாலும் பணம் சேர்ந்ததும் முதலில் அதைத்தான் வாங்கச் சொன்னேன். ஹவுசிங்குக்குள் நீர் கசிந்தால் உள்ளே இருப்பது தானே நீர் தாங்கும் கேமரா. பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

கசிவைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆழம் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று நினைப்பது இயல்பு. ஹவுசிங்கின் மூடியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் வேலை செய்யும் விதம் அதற்கு நேர்மாறானது. ஆழத்தின் அழுத்தம் ஓ-ரிங்கை நசுக்கி இடைவெளியை அடைக்கிறது. மேல்மட்டத்தில் அந்த உதவி இல்லை. ஒரு தலைமயிர், ஒரு மணல், காய்ந்த உப்பின் ஒரு பரல் போதும், இரண்டு மீட்டரில் நீர் உள்ளே வந்துவிடும். சிலிக்கான் கிரீஸ் அடைப்பதற்காக இல்லை, ரப்பர் வழுக்கி உட்காருவதற்காக. வளையம் பளபளக்கும் அளவுக்கு மெல்லியதாகத் தடவினால் போதும், அப்பினால் அதுவே மணலைப் பிடித்து வைக்கும். புது ஹவுசிங்கை வெறுமையாக, உள்ளே ஒரு தாளை மடித்து வைத்து, கல்லைக் கட்டி வாளித் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்த பிறகுதான் கேமராவை நம்பி வைக்க வேண்டும். கடற்கரையில் நின்று மூடாதீர்கள். அந்தக் காற்றின் ஈரம் உள்ளே அடைபட்டு, நீருக்குள் குளிர்ந்ததும் கண்ணாடியில் பனியாகப் படியும். விடிகாலையில் வீட்டுக்குள், உலர்ந்த காற்றில், சிலிக்கா ஜெல் பையோடு மூடிவிட வேண்டும். திரும்பி வந்ததும் நன்னீரில் அரைமணி ஊறவிட்டு, ஒவ்வொரு பொத்தானையும் நீருக்குள்ளேயே அமுக்கி உப்பை வெளியேற்ற வேண்டும்.

ஒளிக்கு அவர் ஒரு டார்ச் வாங்க நினைத்திருந்தார். எங்கள் நீரில் கேமராவுக்குப் பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம், பனிமூட்டத்தில் லாரியின் முகப்பு விளக்கு செய்வதைத்தான் செய்யும். மிதக்கும் துகள் ஒவ்வொன்றும் வெள்ளைப் புள்ளியாக விழும். விளக்கு வைப்பதென்றால் நீண்ட கையில் மாட்டி, பக்கவாட்டிலிருந்து சாய்த்து அடிக்க வேண்டும். இரண்டு மீட்டர் ஆழத்தில் சூரியனே போதும். சிவப்பு நிறம் ஆழத்தில் மட்டும் காணாமல் போவதில்லை. ஒளி மேலிருந்து பவளம்வரை இறங்கி, பவளத்திலிருந்து லென்ஸ்வரை வரும் மொத்த நீர்வழியிலும் அது கரைகிறது. இரண்டு மீட்டர் ஆழத்தில் இருப்பதை மூன்று மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் ஐந்து மீட்டர் நீரைக் கடந்த நிறம்தான் கிடைக்கும். அதையே ஒரு முழத்தில் நெருங்கி எடுத்தால் சிவப்பு பெரும்பாலும் தங்கிவிடும். எந்த விலையுயர்ந்த விளக்கையும்விட நெருக்கம் அதிகம் செய்கிறது, அதுவும் செலவில்லாமல். எழுதுகிற வெள்ளைப் பலகையையோ மணலையோ காட்டி ஒயிட் பேலன்ஸ் வைத்துக்கொண்டால் மீதிப் பச்சையும் இறங்கும்.

நண்பகல் வேண்டாம். ஆழமில்லாத நீரில் அலையின் ஒளிவலை பாரின்மேல் ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணுக்கு அழகு, கணக்கெடுப்புக்குக் கெடுதல், வெளுத்த இடம் எது வெளிச்சம் விழுந்த இடம் எது என்று படத்தில் பிரிக்க முடியாது. மேகம் மூடிய காலைதான் பவளத்தைப் பதிவு செய்ய நல்ல நேரம்.

நெருங்க முடிகிற கேமராவுக்கு ஒரு கேடும் உண்டு. ஒரு சென்டிமீட்டரில் எடுக்கலாம் என்று தெரிந்ததும் மனிதர்கள் பவளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்குகிறார்கள். நூற்றாண்டுகளாக வளர்ந்த ஒரு குன்றின் தோலை ஒரு முழங்கால் உரசிவிடும். அலையசைவில் தொடாமல் மிதக்கப் பழகாதவர் கையில் எந்தக் கேமராவையும் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அந்த விஷயத்தில் சங்குகுளி வீட்டுப் பிள்ளைக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. மூச்சடக்கி, உடம்பைத் தளர்த்தி, பாரைத் தொடாமல் ஒரு சாண் உயரத்தில் அசையாமல் நிற்பார். ஓராவும் களவாவும் அவரைப் பொருட்படுத்தாமல் திரிந்துகொண்டிருக்கும்.

இங்கே யாரும் நினைத்த இடத்தில் இறங்கிவிட முடியாது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள இருபத்தொரு தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை, வனத்துறை அனுமதி வேண்டும். அந்தத் தம்பி ஆய்வுப் படகில் வேலையாளாகத்தான் போகிறார். 2001இல் பவளமும் கடல்குதிரையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. செத்த பவளத் துண்டைக்கூட எடுத்துவரக் கூடாது. சுண்ணாம்புக் காளவாய்க்காகப் பவளக்கல்லை வள்ளம் வள்ளமாக வெட்டி ஏற்றிய காலத்தை அவர் அப்பா பார்த்திருக்கிறார். அப்படி வெட்டப்பட்ட பக்கத்தில்தான் விலாங்குசல்லித் தீவு நீருக்குள் போனது.

2010இல் மறுபடி வெளுத்தது. 2016இல் இன்னும் கடுமையாக. அந்த ஓராண்டில் மன்னார் வளைகுடாவின் உயிர்ப்பவளப் பரப்பு ஏறத்தாழ 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியது. ஆனால் இந்த முறை படங்கள் இருந்தன. ஒரே திட்டு நிறத்தோடு, பிறகு வெளுத்து, பிறகு பாசி மூடி, அல்லது மெல்ல நிறம் திரும்பி. 1998இல் சொல்ல முடியாமல் போன விவரத்தை டிஜிட்டல் படங்களை வைத்துச் சொல்ல முடிந்தது. குருசடைத் தீவுப் பக்கம் காப்பாபைக்கஸ் கடற்பாசி உயிருள்ள பவளத்தைப் போர்த்தி மூடியதையும் வாதமாகச் சொல்லிக்கொண்டிருக்காமல் படமாகவே முன்வைக்க முடிந்தது.

பாசி எடுக்கும் பெண்களும் சங்கு குளிக்கும் ஆண்களும் விஞ்ஞானிகளுக்கு முன்பே இந்தப் பாரை அறிந்தவர்கள். எந்த மாதம் எங்கே நீர் சூடேறியது, எந்தத் திட்டு முதலில் வெளுத்தது என்று அவர்கள் கரையில் சொன்னதை நாங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வோம். அறிக்கையில் அது ஒரு வரியாகச் சுருங்கும். படத்தோடு வந்தால் அதைச் சுருக்க முடியாது. மலிவுக் கேமராவை நான் இவ்வளவு பெரிதாக நினைப்பதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

போன வாடையில் அவர் படங்களைக் காட்டியபோது, ஒவ்வொன்றிலும் ஓர் ஓரத்தில் ஆறு அங்குல அளவுகோலும், குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் கோரல்வாட்ச் வெளியிட்ட நிற அட்டையும் இருந்தன. பவளத்தின் நிறத்தை அட்டையின் கட்டங்களோடு ஒப்பிட்டு வெளுப்பின் அளவைச் சொல்லலாம். கேமரா சொல்லும் நிறத்தை நம்பத் தேவையில்லை. கோப்புப் பெயரில் தீவு, தேதி, ஆழம். டிஜியின் ஜிபிஎஸ் இடத்தையும் குறித்திருந்தது. ஆனால் நீருக்குள் அது வேலை செய்யாது என்பதால், மேலே வந்ததும் படகை ஒரு படம் எடுத்து வைக்கிறார். எங்கள் குறிப்பேடுகளில் இல்லாத ஒழுங்கு அது. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

"அடுத்து லைட் வாங்கட்டுமா, வைட் லென்ஸ் வாங்கட்டுமா அண்ணாச்சி?"

"வைட் லென்ஸ். டிஜிக்கு முன்னால மாட்டுறது, பழசு கெடைக்கும். முழுப் பவளமும் படத்துல விழணும்னு நீங்க இப்பப் பின்னால போறீங்க, போற ஒவ்வொரு அடிக்கும் நடுவுல கலங்கல் வருது. அத மாட்டுனா கிட்டவே இருக்கலாம்."

"அப்ப பழைய படத்தோட புதுசு ஒப்பிட வருமா? அகலம் மாறிப்போகுமே."

அதை நான் யோசித்திருக்கவில்லை. ஒரு பருவம் முழுக்க இரண்டு விதமாகவும் எடுப்பது என்று முடிவு செய்தோம். முதலில் பழைய லென்ஸில், அதே உயரத்திலிருந்து. பிறகு வைட் லென்ஸை மாட்டி. கரைச்சல்லித் தீவுப் பக்கம் அடையாளம் வைத்த திட்டுகளில் தை மாதம் தொடங்குகிறார்.